ஆறு மில்லிமீட்டரில் ஓர் அடைப்பு

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை வழக்கமாகத் திறப்பது திங்களும் வெள்ளியும்தான். அந்த இரண்டு நாளும், பெரம்பலூருக்குத் தெற்கே திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் இந்த ஊர் பஸ்ஸும் வேனுமாக நிரம்பிவிடும். மாவிளக்கு இங்கே பிரசித்தம். ஊறவைத்த பச்சரிசியைக் கோயிலிலேயே இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழித்து நெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றுவார்கள். விளக்கு மலையேறியதும் அந்த மாவு பிரசாதம். கூட வந்த எல்லோருக்கும் ஆளுக்கொரு உருண்டை.

அந்தக் கூட்டத்தில் டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளை ஒன்று, இடுப்பில் இன்சுலின் பம்ப்போடு, ஓர் உருண்டை வாங்கிச் சாப்பிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாவின் அளவைக் கணக்கிட்டு, பம்ப்பில் அதற்குரிய போலஸையும், அதாவது சாப்பாட்டுக்கான கூடுதல் இன்சுலினையும், தட்டிவிட்டுத்தான் சாப்பிட்டது. ஆனாலும் இரவு பத்து மணிக்குச் சோதித்தால் சுகர் 340. வீட்டில் விழும் முதல் கேள்வி என்னவாக இருக்கும்? "என்னத்தடா சாப்பிட்ட?" இரண்டாவது கேள்வியும் அநேகமாக அதுவேதான், கொஞ்சம் சத்தமாக. பாட்டி மாவிளக்கைத் திட்டுவார், அம்மா பாட்டியைத் திட்டுவார். அந்தப் பிள்ளையின் சட்டைக்கு அடியில், தோலுக்குள் போயிருக்கும் ஒரு சின்னக் குழாய் மடங்கிக் கிடப்பதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

சர்க்கரை என்றாலே வாயைக் கட்டுவது என்று மூன்று தலைமுறையாகப் பழகிவிட்ட வீடுகள் நம்முடையவை. டைப் 2 சர்க்கரைக்கு அந்தப் பழக்கம் ஓரளவு சரி. டைப் 1 வேறு. அதில் உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. பட்டினி கிடந்தாலும் இன்சுலின் வேண்டும். பம்ப் கட்டியவருக்கு அந்த இன்சுலின் முழுவதும் வந்து சேரும் வழி ஒன்றே ஒன்றுதான்: கேனுலா என்கிற மெல்லிய டெஃப்லான் குழாய். நீளம் பெரும்பாலும் 6 அல்லது 9 மில்லிமீட்டர். லட்சக்கணக்கில் விலையுள்ள கருவி கடைசியில் இந்தச் சின்னக் குழாயை நம்பித்தான் இருக்கிறது.

பெரம்பலூர் சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன மாவட்டம். சொட்டுநீர்ப் பாசனம் போட்ட விவசாயியிடம் இந்த விஷயத்தைச் சொன்னால் ஒரு நொடியில் புரிந்துகொள்வார். கிணற்றடியில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும், மீட்டர் சுற்றும், குழாயில் தண்ணீர் இருக்கும். கடைசி வரிசையில் ஒரு சொட்டுவான் உப்புப் படிந்து அடைத்திருக்கும். மோட்டாருக்கு அது தெரியாது. வாடிய செடியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பம்ப்புக்கும் தெரியாதா? அலாரம் அடிக்காதா? அடிக்கும், ஆனால் தாமதமாக. காரணம் எளிய கணக்கு. இன்சுலின் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட் என்ற செறிவில் வருகிறது. ஒரு சொட்டு என்பது ஏறக்குறைய 0.05 மில்லி, அதாவது 5 யூனிட். நாள் முழுக்க ஓடும் பேசல் இன்சுலின் ஒருவருக்கு மணிக்கு 0.6 யூனிட் என்றால், ஒரே ஒரு சொட்டு உள்ளே போக எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. சிறு குழந்தைகளுக்கு மணிக்கு 0.1 யூனிட்கூட இருக்கும். இவ்வளவு மெதுவாகத் தள்ளும்போது, முன்னால் வழி அடைத்திருந்தாலும் பம்ப்பையும் கேனுலாவையும் இணைக்கும் டியூபுக்குள் அழுத்தம் ஏற நேரம் பிடிக்கிறது. குறிப்பிட்ட அழுத்தத்தைத் தாண்டினால்தான் கருவி கத்தும். பெரியவர்களுக்கே சில மணி நேரம் ஆகிவிடும், குறைந்த பேசலில் ஓடும் குழந்தைகளுக்கு அதைவிட அதிகம். அதற்குள் சுகர் ஏறி உட்கார்ந்துவிடும்.

அலாரமே வராத தொல்லைகளும் உண்டு. கேனுலா முழுதாக அடைபடாமல் பாதி மடங்கியிருந்தால் இன்சுலின் கொஞ்சம் போகும், கொஞ்சம் நிற்கும். குத்திய இடத்தின் ஓரமாகக் கசிந்து வெளியே வந்தால் பம்ப்பைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறது, எதிர்ப்பே இல்லையே! பிளாஸ்திரி ஈரமாக இருப்பதும், மூக்கருகே கொண்டுபோனால் மருந்து நெடி அடிப்பதும்தான் துப்பு. இன்சுலினில் கலந்திருக்கும் ஃபீனால், கிரெசால் ஆகிய பதப்படுத்திகளின் வாசனை அது. பம்ப் கட்டியவர்களின் வீட்டில் அம்மாக்கள் பிள்ளையின் வயிற்றை மோந்து பார்ப்பதை வெளியாள் பார்த்தால் விநோதமாகத்தான் இருக்கும். உண்மையில் அந்தச் சோதனைக்கு நிகரான கருவி இன்னும் வரவில்லை.

குழாய் ஏன் மடங்குகிறது? பெரும்பாலும் குத்தும்போதே. டெஃப்லான் மென்மையானது. உள்ளே நுழையும்போது அதைத் தாங்கிப் பிடிக்க நடுவில் ஒரு ஊசி இருக்கும். தோலுக்குள் போனதும் ஊசியை உருவிவிடுவோம், குழாய் மட்டும் தங்கும். ஒல்லியான பிள்ளைகளுக்குக் கொழுப்பு மெலிசு. குழாயின் நுனி தசையில் போய் முட்டி வளைந்துவிடும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்திக் கட்டிதட்டிப்போன தோலிலும் இப்படித்தான். நன்றாகக் குத்தப்பட்ட குழாயும் பிறகு இடம் மாறலாம். சுடிதார் நாடா, பெல்ட், வேட்டி மடிப்பு எல்லாம் உரசும் இடத்தில் போட்டால் அழுந்தும். கூட்டமான டவுன் பஸ்ஸில் இறங்கும்போது டியூப் யாரோ ஒருவரின் கூடையில் மாட்டி இழுபடும். வேர்வையில் பிளாஸ்திரி கழன்று குழாய் பாதி வெளியே வந்திருக்கும்.

2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று இதை நேரடியாகச் சோதித்தது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 20 பேருக்கு, டியூபோடு சேர்ந்த டெஃப்லான் கேனுலா செட்டையும் எஃகு ஊசி செட்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். டெஃப்லான் குழாய்களில் சுமார் 15 சதவீதம் குத்தும்போதே மடங்கித் தோற்றன. பழக்கப்பட்ட கைகள் குத்தியும் ஏழில் ஒன்று என்ற கணக்கு. எஃகு மடங்காது, ஆனால் சிலருக்கு உறுத்தும். அதை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். டெஃப்லானுக்கு இரண்டு முதல் மூன்று நாள். ஒல்லியான பிள்ளைகளுக்கும், அடிக்கடி மடங்கும் தொல்லை உள்ளவர்களுக்கும் எஃகு செட்டையோ, சாய்வாகக் குத்தும் செட்டையோ கேட்டுப் பார்க்கலாம். டாக்டர் முதலில் எழுதிக்கொடுத்த மாடல்தான் ஆயுளுக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த குறையும் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் ஆர்னால்டு காடிஷ் என்ற மருத்துவர் 1963 வாக்கில் செய்த முதல் இன்சுலின் பம்ப் முதுகில் சுமக்கும் மூட்டை அளவு இருந்தது. 1978-ல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஜான் பிக்கப், ஹாரி கீன் குழுவினர், தோலுக்கடியில் தொடர்ச்சியாக இன்சுலின் செலுத்துவது நடைமுறையில் சாத்தியம் என்று காட்டினார்கள். அப்போதிருந்து பம்ப் சுருங்கி, திரை வந்து, சுகரை அளக்கும் சென்சார் இணைந்து, தானே முடிவெடுக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. தோலுக்குள் போகும் பகுதி மட்டும் அந்த வேகத்தில் வளரவில்லை. ஜெர்மன் ஆய்வாளர் லுட்ஸ் ஹைனமன் 2012-ல் சக ஆய்வாளரோடு எழுதிய கட்டுரை, பம்ப் சிகிச்சையின் பலவீனமே இந்தக் குழாய்த் தொகுப்புதான் என்று தலைப்பிலேயே சொன்னது. பக்கவாட்டிலும் ஒரு துளை வைத்த கேனுலாவை அமெரிக்காவின் பி.டி. (BD) நிறுவனம் உருவாக்கியது. நுனி அடைத்தாலும் பக்கவழியாக இன்சுலின் போகட்டும் என்பது எண்ணம். சந்தையில் அது நிலைக்கவில்லை. 2017 செப்டம்பரில் மெட்ரானிக் நிறுவனம் சில செட்களைத் திரும்பப் பெற்றது. அங்கே சிக்கல் நேரெதிர்: காற்று போகும் சவ்வு ஈரம் பட்டு அடைபட்டால், செட் மாற்றிய உடனே இன்சுலின் அதிகமாகப் போய்விடும் அபாயம். முன்னணி நிறுவனத்தையே தடுமாறவைத்த பாகம் இது என்று தெரிந்துகொண்டால், குத்தத் தெரியவில்லை என்று தன்னைத்தானே நொந்துகொள்ளும் பெற்றோருக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும்.

அடைப்புக்கு மடிப்பு மட்டும் காரணமல்ல. இன்சுலின் ஒரு புரதம். சூடும் குலுக்கலும் அதற்கு ஆகாது. இரண்டும் சேர்ந்தால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நார்போலத் திரளும். அந்தத் திரள் குழாயை அடைக்கும், அடைக்காவிட்டாலும் மருந்தின் வீரியத்தைக் குறைக்கும். பெரம்பலூர், அரியலூர் கோடையைப் பற்றி இந்தப் பக்கத்து வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உபயோகத்தில் இருக்கும் இன்சுலின் குப்பியை 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லி அட்டையில் அச்சிட்டிருக்கும். மண்பானைக்குள் குப்பியை வைக்கிற நம் வீட்டு வழக்கத்துக்கு இப்போது ஆய்வின் துணையும் உண்டு. எல்லையில்லா மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், 25 முதல் 37 டிகிரி வரை ஏறி இறங்கும் வெப்பத்திலும் குப்பி இன்சுலின் நான்கு வாரம் தாக்குப்பிடித்தது. ஆனால் அது அசையாமல் இருக்கும் குப்பி. பம்ப்புக்குள் இருக்கும் இன்சுலின் உடல் சூட்டோடு ஒட்டிக்கொண்டு, நாள் முழுக்க ஆடிக்கொண்டு இருக்கிறது. சித்திரை வெயிலில் பைக் டேங்க் மேல் பம்ப்பை வைத்துக்கொண்டு போனால் எந்த ஆய்வும் காப்பாற்றாது. கோடையில் ரிசர்வாயரில், அதாவது பம்ப்பின் இன்சுலின் கொள்கலனில், ஒரு வாரத்துக்கான இன்சுலினை நிரப்பாமல், இரண்டு மூன்று நாளுக்கு ஆகும் அளவு மட்டும் நிரப்புவது நல்லது.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு நிரப்புவதும் தவறு. குளிர்ந்த இன்சுலின் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் காற்று குமிழியாகப் பிரியும். டியூபில் ஒரு குமிழி என்றால் அந்த நீளத்துக்கு இன்சுலின் இல்லை என்று அர்த்தம். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு நிரப்பி, குமிழிகளைத் தட்டி வெளியேற்ற வேண்டும். புதிய டெஃப்லான் கேனுலா குத்தியதும் அதன் உள்வெளியை நிரப்பும் சிறு அளவையும் மறக்கக் கூடாது. 6 மில்லிமீட்டர் குழாய்க்கு வழக்கமாக 0.3 யூனிட், 9 மில்லிமீட்டருக்கு 0.5.

சரி, சுகர் ஏறிவிட்டது. இப்போது என்ன?

சாதாரண ஊசி போடுபவர்கள் உடலில் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் கையிருப்பாக இருக்கும். பம்ப் கட்டியவரிடம் அது கிடையாது. பம்ப்பில் ஓடுவது வேகமாக வேலை செய்து மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் தீர்ந்துபோகும் வகை. குழாய் அடைத்த சில மணி நேரத்தில் உடல் இன்சுலினே இல்லாத நிலைக்குப் போகிறது. கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது, கீட்டோன் என்ற அமிலப் பொருள் ரத்தத்தில் சேர்கிறது. ஆகவே மருத்துவர்கள் சொல்லிக்கொடுக்கும் விதியில் நேரம்தான் முக்கியம். காரணம் தெரியாமல் சுகர் 250 மி.கி.யைத் தாண்டினால் பம்ப் வழியாக ஒருமுறை சரிசெய்யும் போலஸ் கொடுத்துப் பார்க்கலாம். கூடவே கீட்டோனும் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் சுகர் இறங்கத் தொடங்கவில்லை என்றால் பம்ப்பை நம்புவதை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அடுத்த டோஸ் ஊசியிலோ இன்சுலின் பேனாவிலோ. செட் முழுதும் மாற்றம்: கேனுலா, டியூப், ரிசர்வாயர், தேவைப்பட்டால் புதிய குப்பி. முதல் சோதனையிலேயே கீட்டோன் தெரிந்தால் இரண்டு மணி நேரம் காத்திருக்கவும் வேண்டாம், நேராக ஊசிக்குப் போக வேண்டியதுதான்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பம்ப்பிலேயே இரண்டாவது போலஸ், மூன்றாவது போலஸ் என்று தட்டிக்கொண்டே இருப்பார்கள். அடைத்த குழாயில் தட்டிய போலஸ் எங்கே போகும்? சில நேரம் அழுத்தத்தில் திடீரென்று வழி திறந்து, தேங்கியதும் சேர்ந்து உள்ளே போனால், விடியற்காலையில் சுகர் தாழ்ந்து இன்னொரு ஆபத்து. சந்தேகம் வந்தால் பிடுங்கிவிடு என்பது உலகம் முழுக்க பம்ப் கட்டியவர்களிடையே புழங்கும் பேச்சு. ஒரு செட்டின் விலையை நினைத்து மனசு வராது. பிடுங்கிய கேனுலாவை வெளிச்சத்தில் பார்த்தால் பல நேரம் விடை கண்ணெதிரே இருக்கும்: நுனி கொக்கிபோல வளைந்திருக்கும், அல்லது உள்ளே ரத்தம் உறைந்திருக்கும். நேராக, சுத்தமாக இருந்தாலும் மாற்றியது வீண் இல்லை. கண்ணுக்குத் தெரியாத அடைப்பும் உண்டு.

சென்சாரோடு பேசித் தானே இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும் புதிய பம்ப்புகள் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டதாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. பாதி உண்மை. சுகர் ஏறுவதை அவை சீக்கிரம் காட்டிக்கொடுக்கும், சந்தேகமில்லை. ஆனால் அடைபட்ட குழாயை நோக்கி அவையும் விடாமல் இன்சுலினைத் தள்ளிக்கொண்டிருக்கும். தள்ளியதெல்லாம் உடம்புக்குள் போய்விட்டதாகக் கணக்கும் எழுதிக்கொள்ளும். நாம் கையில் போட்ட ஊசி அந்தக் கணக்கில் வராது. அதனால் ஊசி போட்ட பிறகு சில மணி நேரம் தானியங்கி முறையை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். எவ்வளவு நேரம் என்பதை உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இரவு இரண்டு மணிக்கு யாரையும் கேட்க முடியாது.

இரவு என்றதும் இன்னொன்று. செட் மாற்றுவதைப் படுக்கப் போகும் நேரத்தில் செய்யாதீர்கள். நம் வீடுகளில் எல்லா வேலையும் முடிந்து ஓயும் நேரம் அதுதான் என்பதால் அப்போதே மாற்றுகிறார்கள். குழாய் குத்தும்போதே மடங்கியிருந்தால் அது தெரிய வருவது விடியற்காலையில், வாந்தியோடு. காலையிலோ மாலையிலோ, சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றினால், சாப்பாட்டு போலஸே அந்தக் குழாய்க்குச் சோதனை ஆகிவிடும். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை சுகர் பார்த்தால் போதும்.

வாந்தி வந்தால் நம் ஊரில் பொதுவாக நடப்பது வேறு. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை, வெயில் தாக்கிவிட்டது, பித்தம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றச் சொல்வார்கள். டைப் 1 பிள்ளைக்கு வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குவது, வாயில் பழ வாசனை இதெல்லாம் கீட்டோன் அமில நிலையின் அடையாளங்கள். ரத்தக் கீட்டோன் 0.6-க்குக் கீழே என்றால் கவலையில்லை. 1.5-ஐத் தாண்டினால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். 3-ஐத் தொட்டால் யோசனையே கிடையாது, ஆஸ்பத்திரிதான். சிறுவாச்சூரிலேயே தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, பெரம்பலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. அரியலூரில் 2022 ஜனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. கீட்டோன் அமில நிலைக்கு வேண்டிய சிகிச்சை, நரம்பு வழி திரவமும் இன்சுலினும், இந்த அளவு மருத்துவமனைகளில் கிடைப்பதுதான். அவசரப் பிரிவில் இருப்பவருக்கு இடுப்பில் தொங்குவது செல்போனா பம்ப்பா என்று தெரியாமல் போகலாம். "டைப் 1, பம்ப் போட்டிருக்கு, குழாய் அடைச்சிருச்சு, கீட்டோன் பாருங்க" என்று வாசலிலேயே சொல்லிவிட வேண்டும்.

செலவையும் பேசத்தான் வேண்டும். மூன்று நாளுக்கு ஒரு செட் என்றால் மாதம் பத்து. பம்ப்பை ஒருமுறை கடன் வாங்கியோ நன்கொடை திரட்டியோ வாங்கிவிடும் குடும்பங்கள், மாதாமாதம் வரும் இந்தச் செலவில்தான் திணறுகின்றன. மூன்று நாள் செட்டை ஐந்து நாள், ஆறு நாள் ஓட்டுவது இதனால்தான். தவறு என்று எல்லோருக்கும் தெரியும். அவர்களைக் கண்டித்துப் பயனில்லை. நீட்டினால் அடைப்பும் தோல் புண்ணும் கூடும் என்று சொல்வதோடு, கண்டிப்பாக நீட்ட வேண்டியிருந்தால் அந்தக் கூடுதல் நாட்களில் சுகரை இருமடங்கு தடவை பார்க்கச் சொல்வதே நியாயம்.

பெரிய மருத்துவமனைகள் சென்னையில் குவிந்துகிடக்கின்றன. 1954-ல் பேராசிரியர் எம்.விஸ்வநாதன் ராயபுரத்தில் தொடங்கிய சர்க்கரை நோய் மருத்துவமனை முதல் இன்றுவரை, பம்ப் பழக்கிவிடும் இடங்கள் பெருநகரங்களில்தான். கோவையில் இதயங்கள் அறக்கட்டளை டைப் 1 குழந்தைகளுக்கு இலவசமாக இன்சுலின் கொடுத்து வருகிறது. அரசு மருத்துவமனைகளிலும் இன்சுலின் இலவசம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2022 ஜூனில் டைப் 1 சர்க்கரைக்கென்றே தனி வழிகாட்டுதல்களை வெளியிட்டது. இவ்வளவும் இருந்தும் பெரம்பலூர் மாதிரி மாவட்டத்தில் இருக்கும் ஒரு வீட்டுக்கு, செட் தீர்ந்துபோனால் தெருமுனை மெடிக்கலில் வாங்க வழியில்லை. கூரியரில்தான் வர வேண்டும். சனிக்கிழமை ராத்திரி கேனுலா மடங்கினால் திங்கள்வரை பேனாவும் ஊசியும்தான் துணை.

அதனால் பம்ப் கட்டியவர் வீட்டை விட்டுக் கிளம்பும் பையில், கோயிலுக்கானாலும் பள்ளிக்கூடத்துக்கானாலும், இவ்வளவும் இருக்க வேண்டும்: ஒரு செட், ஒரு ரிசர்வாயர், பிளாஸ்திரி, வேகமாக வேலை செய்யும் இன்சுலின் பேனா அல்லது குப்பியும் சிரிஞ்சும், கீட்டோன் பட்டை, சர்க்கரை தாழ்ந்தால் சாப்பிட குளுக்கோஸ். பம்ப் முழுதாக நின்றுபோனால் போட வேண்டிய நீண்ட நேர இன்சுலின் எவ்வளவு என்பது டாக்டர் கையெழுத்தில் ஒரு சீட்டில் இருக்க வேண்டும். வகுப்பாசிரியருக்கும் அதில் ஒரு நகல் கொடுங்கள். அரசு மருத்துவமனைகள் இன்சுலினோடு கீட்டோன் பட்டைகளையும் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினால், இந்தப் பிள்ளைகளில் பலர் ஐ.சி.யூ. வாசலை மிதிக்காமலே தப்பிவிடுவார்கள். அதைக் கேட்டு வாங்க வேண்டிய இடம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டம்.